நேரில் அளந்து வரைந்தது

போன வாரம் நாம் அளவுகோலை விட்டுவிட்டு வந்தபோது அவர் கையில் செல்போன் இருந்தது. "அப்பா, சங்கத்து இதழ்ல நீங்க கிழி கிழின்னு கிழிச்சிருக்கீங்களே அந்தச் சின்னப் பெட்டி, அதை வரைஞ்சது யாருன்னு தெரியுமா? உங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று நாள் ஓடிவிட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வருகிறார்கள். மாலை ஐந்து மணிக்குச் சங்கத்தில் ஓட்டெடுப்பு.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அளவுகோல் என்பது பட்டப்பெயர். தொழில், பல்செட் செய்வது. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது என் தயவில்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். பொழுதுபோக்கு, விமான பொம்மை. 'பொம்மை' என்று அவர் காதுபடச் சொல்லிவிடாதீர்கள். மாதிரி விமானம். பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டித் தேய்த்து வர்ணம் பூசி, அசல் விமானத்தை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் செய்து வைப்பது. மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா இருக்கும் இடத்தில் இவருக்கு, மயிரிழை வரை அளக்கிற வெர்னியர் கருவி இருக்கும். எதைக் கையில் கொடுத்தாலும் அளந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

மாதிரி விமானம் கட்டுகிறவர்கள் சங்கத்தில் நாற்பது பேர். வருஷத்துக்கு ஒரு முறை எல்லோரும் ஒரே கிட்டை, அதாவது ஒரே பாகப் பெட்டியை, வாங்கிக் கட்டிப் போட்டி போடுவார்கள். இந்த வருஷம் பழைய இரட்டை எஞ்சின் தபால் விமானம் என்று முடிவாயிற்று. அதற்கு இரண்டு கம்பெனிகள் ஒரே சமயத்தில் கிட் போட்டதுதான் வினை. ஒன்று பெரிய கம்பெனியின் பெரிய பெட்டி. மேலே மின்னலுக்கு நடுவில் விமானம் பறக்கிற பளபளப்பான படம். இன்னொன்று வாளி மூடியும் பாட்டில் மூடியும் செய்கிற ஒரு சின்ன ஃபாக்டரியின் முதல் முயற்சி. பழுப்பு அட்டைப் பெட்டி, பக்கவாட்டில் பாகங்களின் படம், மேலே கண்ணாடித் தாள் சுற்று. அவ்வளவுதான்.

எதை எடுப்பது என்று சொல்லும் பொறுப்பை அளவுகோலிடம் விட்டார்கள். அவரும் இதழில் எழுதினார். பெரிய பெட்டி மயிரிழை பிசகவில்லை. சின்னப் பெட்டியில் விமானத்தின் மூக்கு நான்கு மில்லிமீட்டர் குட்டை. அசல் அளவுக்கு அது ஏறக்குறைய ஓர் அடி. 'இதை வரைந்தவர் இந்த விமானத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பது திண்ணம்' என்று கடைசியில் ஒரு குட்டு வேறு.

மாப்பிள்ளை வாளி மூடிக்கு அச்சு வரைகிறார் என்றுதான் இத்தனை நாளும் அவர் நினைத்திருந்தார்.

காலை பத்து மணி. வீட்டின் பின்னறையில், வெள்ளைப் பிளாஸ்டர் தூள் படிந்த மேஜையில், யாருடையதோ மேல்வரிசைப் பற்கள் மெழுகில் பதிந்து இளித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் இரண்டு பெட்டிகள். பெரிய பெட்டி திறந்து கிடந்தது. சின்னப் பெட்டியின் கண்ணாடித் தாளில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆமாம். பெட்டியை அவர் பிரிக்கவே இல்லை. பக்கவாட்டில் அச்சாகியிருந்த படத்தின் மேல் வெர்னியரை வைத்து அளந்தார், கணக்குப் போட்டார், எழுதிவிட்டார். எதையும் அளக்காமல் பேசாத மனுஷன் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். அதற்கும் காரணம் இருக்கிறது, அது இன்னும் மோசமான காரணம்.

மெழுகு செதுக்கும் கத்தியை எடுத்தார். பெட்டியின் விளிம்பில் வைத்தார்.

"இப்ப எதுக்குங்க அது?"

வாசலில் மனைவி. கழுத்தில் அளவு நாடா. பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். வீட்டில் அளவு எடுக்கிறவர்கள் இரண்டு பேர் என்பதால் சண்டைக்குக் குறைவில்லை.

"சும்மா. உள்ள எப்படி இருக்குன்னு..."

"எழுதறதுக்கு முன்னாடி தோணலையா?"

அவர் கத்தி முனையை விரலால் துடைத்தார்.

"இப்பப் பிரிச்சு வெச்சா, பிரிக்காம எழுதினது இல்லைன்னு ஆயிடுமா? மாப்பிள்ளை வந்து பார்க்கும்போது திறந்த பெட்டியா இருக்கணும். அதானே?"

முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவளிடம் எதை மறைப்பது? கத்தியைக் கீழே வைத்தார்.

"மூக்கு குட்டைன்னு எழுதினீங்களே, எதை வெச்சு எழுதினீங்க?" என்றாள் அவள். "உங்க படத்தை வெச்சுத்தானே?"

"கதவைச் சாத்து."

"யாரு இருக்கா இங்க கேக்கறதுக்கு? நான் ஒருத்தி. நானும் அன்னைக்குப் பக்கத்துல நின்னவதான்."

அந்தப் படம்தான் அவருக்கு இந்த உலகில் பெயர் வாங்கிக் கொடுத்தது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் அதே தபால் விமானத்தை முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து, மேலிருந்து வரைந்து, அளவுகளோடு ஒரு பத்திரிகையில் வெளியிட்டார். அடியில் தன் பெயர், அதற்கடியில் 'நேரில் அளந்து வரைந்தது'. அன்று முதல் அந்த விமானத்தை யார் கட்டினாலும் அவர் படம்தான் வேதம். பெரிய கம்பெனியும் அதைப் பார்த்துத்தான் அச்சு வெட்டியது. பிறகு எப்படி மயிரிழை பிசகும்?

அவர் அந்த விமானத்தை அளக்கவில்லை. உள்ளே விட மாட்டேன் என்று காவலாளி விரட்டிவிட்டான். கல்யாணமான புதிது, மனைவி குடை பிடித்து நிற்க, கம்பி வேலிக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு புகைப்படம் எடுத்தார். அதிலிருந்து கணக்குப் போட்டு வரைந்தார். விமானத்தின் மூக்கு இவர் பக்கம் திரும்பி நின்றது. கிட்டே இருப்பது படத்தில் பெரிதாகத்தான் விழும், அவர் வரைந்த மூக்கு நீண்டுபோனது அப்படித்தான். அந்த உண்மை பல வருஷம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. உறைத்ததும் அதை மூடிப் போட்டுவிட்டார்.

சின்னப் பெட்டியின் படத்தில் மூக்கு குட்டையாக இருப்பதைப் பார்த்தவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது. திறந்து அளந்தால் தன் படம்தான் தப்பு என்பது உறுதியாகிவிடும். அதனால்தான் திறக்கவில்லை.

"மாப்பிள்ளை நேர்ல போய் அளந்திருப்பாருங்க," என்றாள் மனைவி. குரலில் கோபம் போய்விட்டிருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பதினொரு மணிக்குச் சங்கச் செயலாளர் சைக்கிளில் வந்து, "பெட்டி ரெண்டையும் குடுங்க, மேஜையில வெக்கணும்" என்றார். கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர், எதையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் அவருக்கு. அளவுகோல் பெட்டிகள் இரண்டையும் ஒரு துணிப்பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

மகளும் மாப்பிள்ளையும் வந்தபோது மணி ஒன்று. மகள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று பார்த்துப் பார்த்துப் பேசுவாள். இன்று அந்தப் பேச்சும் இல்லை. நேரே சமையலறைக்குப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை ஒல்லி. உட்காரும்போதுகூட நாற்காலிக்கு வலிக்குமோ என்று பார்த்து உட்காருகிற ரகம். இந்த வீட்டுக்கு அவர் முதலில் வந்ததே பெண்ணைப் பார்க்க அல்ல. நான்கு வருஷத்துக்கு முன், அந்தத் தபால் விமானப் படத்தின் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டு வந்தார். படத்தை எடுத்துக் கொடுத்தது மகள். கல்யாணம் வரைக்குமான மீதியை முதல் அத்தியாயத்திலேயே படித்தோம்.

சாப்பாடு பரிமாறினாள் மாமியார். நான்கு தட்டு போட்டாயிற்று.

"பேரைச் சொல்லாம பெட்டியை அனுப்பினது என் தப்புதான் மாமா," என்று மாப்பிள்ளையே ஆரம்பித்தார். "தெரிஞ்சா நீங்க தயங்குவீங்க. தெரியாம பார்த்துச் சொல்லணும்னு ஆசைப்பட்டேன்."

"அதுல ஒண்ணுமில்லை மாப்பிள்ளை..."

"ஒண்ணுமில்லையா?" மகள் கரண்டியை வைத்தாள். "சங்கம் எடுத்துக்கிட்டாத்தான் ரெண்டாவது விமானத்துக்கு அச்சு போடலாம்னு முதலாளி சொல்லிட்டாருப்பா. இல்லைன்னா இவர் மறுபடியும் மூடி வரைய வேண்டியதுதான். பதினொரு நாள் லீவு போட்டுட்டு அந்த விமானத்துக்கு அடியிலேயே கிடந்தாரு. அவரு கண்ணாலகூடப் பார்த்ததில்லையாம்!"

அளவுகோல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

"விடு," என்றார் மாப்பிள்ளை. பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டார். "மாமா, உள்ள ஒரு தாள் இருக்குமே, எப்படி ஒட்டணும்னு. அதோட கடைசிப் பக்கம் பார்த்தீங்களா?"

இங்கேதான் மனுஷன் சொல்லியிருக்க வேண்டும். பெட்டியை நான் பிரிக்கவில்லை மாப்பிள்ளை என்று ஒரே வாக்கியம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"பார்த்தேன், பார்த்தேன்," என்றார்.

மாப்பிள்ளையின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அதைப் பார்த்துட்டுமா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். பிறகு தண்ணீர் குடித்தார்.

மாமியார் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவள் வாயைத் திறந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். திறக்கவில்லை. அவர் திறக்கட்டும் என்று காத்திருந்தாள் போலும். சாப்பாடு முடிந்து கை கழுவி ஈரம் காயும் வரை காத்திருந்தாள்.

கடைசிப் பக்கத்தில் என்ன? அளவுகோலுக்கு அதுதான் மண்டையைக் குடைந்தது. பெட்டியும் கையில் இல்லை.

சங்கம் இருப்பது ஒரு நாற்காலிக் கடையின் மாடியில். கடைக்காரர் உறுப்பினர் என்பதால் உட்காரப் பஞ்சமில்லை. நடுவில் நீள மேஜை, மேஜையில் துணிப்பை. அளவுகோலுக்கு எப்போதும் போல முதல் வரிசையில் இடம். மகளும் மாப்பிள்ளையும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

செயலாளர் பையை அவிழ்த்தார். பெரிய பெட்டியை எடுத்து வைத்தார். சின்னப் பெட்டியை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன அளவுகோல், இதை இன்னும் பிரிக்கவே இல்லையே?"

வேண்டுமென்று கேட்கவில்லை அவர், ஆச்சரியத்தில் கேட்டுவிட்டார். ஆனால் அறையில் நாற்காலி முனகுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. பின்னால் திரும்பிப் பார்க்க அளவுகோலுக்குத் தைரியம் இல்லை. காது இரண்டும் சூடாகிக்கொண்டிருந்தன. மத்தியானம் சொன்ன 'பார்த்தேன்' இப்போது அந்த அறையின் நடுவில், எல்லோருக்கும் தெரிய உட்கார்ந்திருப்பது போல் இருந்தது.

செயலாளரே நகத்தால் கீறிக் கண்ணாடித் தாளைப் பிரித்தார். பாகங்கள் கைமாறின. தாளை விரித்து, இருக்கிற சங்கடத்தை எப்படியாவது கலைக்க வேண்டுமே என்று, அதன் கடைசிப் பக்கத்தை உரக்கப் படித்தார்.

"'இந்த விமானத்தை முதன்முதலில் வரைந்து காட்டி, அதன்மேல் ஆசை வரச் செய்த அளவுகோல் அவர்களுக்கு இந்தப் பெட்டி காணிக்கை.'"

யாரோ "அடடா" என்றார்கள்.

அளவுகோல் அந்த வரியை மனதுக்குள் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். 'வரைந்து காட்டி', அவ்வளவுதான். 'நேரில் அளந்து' என்று அதில் இல்லை. அவர் படத்தைப் பற்றி யார் எழுதினாலும் அந்த இரண்டு வார்த்தை ஒட்டிக்கொண்டு வரும். மாப்பிள்ளை அதை மட்டும் எடுத்துவிட்டிருக்கிறார். பதினொரு நாள் நாடா பிடித்தவருக்குப் படம் தப்பென்று தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

"சரிப்பா, பிரிக்கல. அதனால என்ன?" என்று எழுந்தார் ஓய்வுபெற்ற கண்டக்டர். சங்கத்திலேயே அளவுகோல்மேல் உயிராக இருப்பவர். "பிரிக்காமலே சொன்னாரு பாருங்க, அதான் கண்ணு! இந்தாங்க, நான் அளந்துட்டேன். இவர் படத்துக்கு நாலு மில்லி குட்டைதான். பெட்டியைத் திறந்தா என்ன, மூடினா என்ன, தப்பு தப்புதானே?"

அதானே, அதானே என்று நாலைந்து தலை ஆடின. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

செயலாளர் கடைசி வரிசையைப் பார்த்தார். வரைந்தது யார் என்ற சேதி இதற்குள் அவர் காதுக்கும் வந்திருந்தது. "தம்பி, நீங்கதானே வரைஞ்சது? நீங்க என்ன சொல்றீங்க?"

மாப்பிள்ளை எழுந்தார். மாமாவின் முதுகைப் பார்த்தார். மாமா திரும்பவில்லை.

"எங்க அளவுல எங்கேயாவது பிசகியிருக்கலாம்ங்க," என்றார். "அந்தப் படம் அனுபவப்பட்டவர் வரைஞ்சது."

"என்ன பேசறீங்க நீங்க?" மகளின் குரல். "ஒவ்வொரு அளவையும் மூணு மூணு தடவை எடுத்தீங்க. நோட்டு முழுக்க எழுதி வெச்சிருக்கீங்க. எங்கப்பாவுக்காக நீங்க ஏன் பொய் சொல்றீங்க?"

"உட்காரு..."

"நான் கீழே இருக்கேன்."

செருப்புச் சத்தம் மரப்படியில் தடதடவென்று இறங்கியது.

அளவுகோல் எழுந்து நின்றார். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்து எழுந்திருக்கவில்லை. உட்கார முடியவில்லை, அதனால் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து வெர்னியரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மாப்பிள்ளை அளவு சரி," என்றார். "என் படம்தான் தப்பு."

"அட, நீங்க எதுக்குங்க பெருந்தன்மையா..." என்றார் கண்டக்டர்.

"பெருந்தன்மையெல்லாம் இல்லை. நான் அந்த விமானத்தைத் தொட்டதே இல்லை. வேலிக்கு வெளியே நின்னு ஒரு போட்டோ எடுத்தேன். அதை வெச்சு வரைஞ்சுட்டு, நேரில் அளந்து வரைந்ததுன்னு கீழே போட்டுட்டேன். முப்பத்திரண்டு வருஷமா அது பொய். தப்புன்னு எனக்கே தெரியும். அதனாலதான் இந்தப் பெட்டியைப் பிரிக்கல. பிரிச்சா அளக்கணுமே."

கண்டக்டர் மெதுவாக உட்கார்ந்தார். அவர் முகம் ஏமாந்த குழந்தையின் முகம் போல் ஆகிவிட்டது.

"நான் மூணு மாசம் உட்கார்ந்து, என் விமானத்தோட மூக்கை அறுத்து நீட்டினேனே அளவுகோல். நல்லா இருந்ததை. உங்க படத்தைப் பார்த்து."

அளவுகோல் வெர்னியரை மேஜையில் இன்னும் தள்ளி வைத்தார்.

ஓட்டெடுப்பு நடந்தது. சின்னப் பெட்டிக்குக் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கண்டக்டரின் கை கடைசியில், அளவுகோலைப் பார்க்காமலே உயர்ந்தது. எல்லோரும் மாப்பிள்ளையைச் சூழ்ந்துகொண்டார்கள். முதல் வரிசையில் அளவுகோலைச் சுற்றி நாற்காலிகள் காலியாகிவிட்டன.

அவர் படியிறங்கி வந்தார். மகள் கடைசிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மரப்படி, மேலே பேசுவதெல்லாம் கீழே கேட்கும்.

"கேட்டுட்டேன்," என்றாள் திரும்பாமலே.

அவர் இரண்டு படி மேலேயே நின்றுவிட்டார்.

"ஒண்ணாம் வகுப்புல இருக்கும்போது அந்தப் படத்தைக் காட்டி என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்காப்பா? இந்த விமானத்தோட வயித்துல கை வெச்சேன், வெயில்ல சுட்டுச்சுன்னு சொன்னீங்க. எந்தக் கைன்னு கேட்டேன். இந்தக் கைன்னு காட்டினீங்க. நான் பள்ளிக்கூடம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், எங்கப்பா கை வெச்சாருன்னு."

"அம்மாடி..."

"சங்கத்துக்காரங்க முன்னாடி ஒத்துக்கிட்டீங்க, சரி. மத்தியானம் இவர் கேட்டப்போ வீட்டுல நாம நாலே பேருதான் இருந்தோம்."

மாப்பிள்ளை மேலேயிருந்து வேகமாக வந்தார். கையில் அந்தத் தாள். மாமாவைத் தாண்டிப் போக வழியில்லாமல் அவரும் படியிலேயே நின்றார். மூன்று பேரும் ஒருவருக்கு மேல் ஒருவராக, யாரும் யார் முகத்தையும் பார்க்காமல்.

"முதலாளிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன் மாமா. இன்னும் பெட்டி போடணுமாம். தாள் நாளைக்குக் காலையில மறுபடி அச்சுக்குப் போகுது."

மகள் எழுந்து, புருஷன் கையிலிருந்து தாளை வாங்கினாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி அப்பாவிடம் நீட்டினாள்.

"இந்த வரி இருக்கணுமா, எடுக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

எடுத்துவிடுங்கள் என்று சொல்வதுதான் முறை. அவருக்கும் அது தெரியும். இருந்தும், இவ்வளவுக்குப் பிறகும், அந்தச் சின்ன எழுத்தில் தன் பெயரைப் பார்த்ததும், இருந்துவிட்டுப் போகட்டுமே என்று உள்ளே ஒரு ஆசை தலைதூக்கியது. அன்று நடந்த எல்லாவற்றையும்விட அதற்குத்தான் அவர் அதிகமாக வெட்கப்பட்டார். மகள் தாளை நீட்டியபடியே நின்றாள்.